இரண்டாவது குறிப்பு

போடிநாயக்கனூர்
12.2.2008

கிறிஸ்துவுக்குள் அன்பான தங்கை சாராளுக்கு, அண்ணன் சுந்தர்ராஜ் எழுதுவது. நலமாக இருக்கிறேன். சர்க்கரை கூடவில்லை. உன் முழங்காலும் காதும் எப்படி இருக்கின்றன என்று எழுது.

முப்பத்து மூன்று வருடம் உயிரியல் வாத்தியாராக இருந்தவனுக்குச் சுருக்கம் எழுதாமல் விஷயத்துக்குள் நுழையத் தெரியாது. சிரிக்காதே. இந்தக் கடிதத்தில் உள்ளவை:

1. கோபுரம் எழும்பிய நாள்.
2. சுகிர்தத்துக்கு மறதி தொடங்கிய நாள்.
3. மூளைக்கும் இரத்தத்துக்கும் நடுவில் உள்ள தடுப்பு. நுண்ணலை அதை என்ன செய்கிறது.
4. சண்முகராஜ் சிரித்தது.
5. நான் செய்யப்போவது.

ஒன்று. பக்கத்து வீட்டுச் சண்முகராஜ் தன் மாடியில் செல்போன் கோபுரம் வைக்க இடம் கொடுத்தான். அது நின்றது 24.8.2005 அன்று. அதன் அடியிலிருந்து நானும் சுகிர்தமும் படுத்த கட்டில் வரை நாற்பத்திரண்டு அடி. டேப் வைத்து இரண்டு முறை அளந்தேன்.

இரண்டு. எனக்கு அப்போதே பயம்தான். 26.8.2005 அன்று ஒரு நோட்டுப் போட்டேன். ஜெனரேட்டர் சத்தம், தலைவலி, தூக்கம் என்று தினமும் குறித்தேன். பத்தாம் நாள், 4.9.2005: 'சுகிர்தம் அரிசியை இரண்டு முறை உலையில் போட்டாள்.' 19.9: 'என் பெயரைச் சொல்ல நேரம் எடுத்தாள்.' 2006 ஜனவரியில், சமையலறை டப்பாக்களில் உப்பு, சர்க்கரை, சீரகம் என்று சீட்டு ஒட்டியிருந்ததைக் கண்டேன். ஆக, கோபுரம் முதலில், மறதி பிறகு. நோட்டு சாட்சி.

மூன்று. ஏலக்காய் சலிக்கிற சல்லடை உனக்குத் தெரியும். எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் எட்டு மில்லிமீட்டர் காய் நிற்கும், சின்னது விழும். மூளைக்குப் போகும் நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவரும் அப்படியொரு சல்லடை. பிராணவாயுவை விடும், சர்க்கரையை விடும். இரத்தத்தில் உள்ள பெரிய புரதங்களை விடாது. சுவீடனில் எலிகளை இரண்டு மணி நேரம் செல்போன் அலையில் வைத்து, ஐம்பது நாள் கழித்து மூளையை வெட்டிப் பார்த்திருக்கிறார்கள். போகக்கூடாத புரதம் உள்ளே கசிந்து படிந்திருந்தது. நரம்பணுக்கள் கருத்துச் சுருங்கியிருந்தன. தேனியில் பிரவுசிங் சென்டரில் அச்செடுத்து வைத்திருக்கிறேன். எலி மனிதன் அல்ல என்பது எனக்குத் தெரியும். அதே சோதனையைச் செய்த வேறு சிலருக்கு அந்தக் கசிவு தெரியவில்லை என்பதும் தெரியும். அதையும் எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் எலிக்கு இரண்டு மணி நேரம். சுகிர்தத்துக்கு, அவள் கண்மூடும்வரை, எண்ணூற்று அறுபத்தெட்டு நாள்.

நான்கு. 2006 மே மாதம் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அவனுடைய ஏலக்காய்க் கடைக்குப் போனேன். என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவன்தானே, கேட்பான் என்று நினைத்தேன். கடையில் தரகர் இரண்டு பேர், காய் பொறுக்குகிற பெண்கள் ஏழெட்டுப் பேர். முழுவதும் படித்துவிட்டு, "சார், எலிக்குத்தான வந்துச்சு? நம்ம வீட்ல எலிப்பொறி வச்சிருக்கேன், கவலப்படாதீக" என்றான். பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் இன்னும் ஆறவில்லை.

ஐந்து. மனுக் கொடுக்கப் போகிறேன். கோபுரம் இறங்க வேண்டும். அது போதாது. அவன் என் வீட்டு நடையில் நின்று அழ வேண்டும். ஒரு பையனையும் பிரம்பால் தொடாதவன் இதை எழுதுகிறேன். நீ வசனம் எழுதி அனுப்பாதே.

வீட்டில் எல்லாருக்கும் என் ஸ்தோத்திரம்.

உன் அண்ணன்,
சுந்தர்ராஜ்


நாகர்கோவில்
1.3.2008

அன்பான அண்ணனுக்கு, சாராள் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இருக்கிறேன். வலது காது முழுவதும் போய்விட்டது. இடது காதிலும் மருமகள் கத்தினால்தான் விழுகிறது. ஆகவே நீங்கள் போன் வாங்காததில் எனக்கு நஷ்டமில்லை.

வசனம் எழுதவில்லை. ஒரு நர்ஸாக மட்டும் சொல்கிறேன். மதுரையில் மதினியின் ஸ்கேன் படத்தைப் பார்த்த டாக்டர், மூளையில் இவ்வளவு சுருக்கம் ஒன்றிரண்டு வருடத்தில் வருவதில்லை என்றார். நீங்களும் பக்கத்தில்தான் நின்றீர்கள். நோட்டில் எழுதினீர்களா?

மதினி போய் இரண்டு மாதம் ஆகப்போகிறது. சமையலறையை யார் பார்க்கிறார்கள்? அந்த டப்பாக்களைக் கழுவி வெயிலில் வைத்தீர்களா? வேலைக்காரியிடம் விடாமல் உங்கள் கையால் கழுவுங்கள். சீட்டெல்லாம் ஊறி வந்துவிடும்.

சண்முகராஜின் மகள் சுபாஸ்ரீ இப்போதும் வந்து போகிறாளா? நல்ல பிள்ளை.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

தங்கை,
சாராள்


போடிநாயக்கனூர்
24.3.2008

அன்புத் தங்கைக்கு, அண்ணன் எழுதுவது. சுகமே. உன் காதுக்காக வருந்துகிறேன்.

டாக்டர் சொன்னதை எழுதவில்லை. மதுரையில் நோட்டு கையில் இல்லை. மேலும் அவர் பொதுவாகச் சொன்னது அது.

சென்ற திங்கட்கிழமை தேனிக்குப் போய் மனுக் கொடுத்தேன். ஒன்பது பக்கம், நான்கு இணைப்பு. வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றேன். வாங்கிய பையனுக்கு முப்பது வயது இருக்கும். "பெரியவரே, இது சுகாதாரமா, ரெவின்யூவா, போலீஸா?" என்றான். மூன்றுக்கும் சம்பந்தம் உண்டு என்று தொடங்கினேன். "ஒங்களுக்கு என்ன வேணும்? டவரை எடுக்கணுமா? அப்ப ஒரு வரி எழுதுங்க. இதுல எலி, சல்லடைன்னு என்னென்னமோ இருக்கு" என்றான். எனக்குப் பின்னால் நின்ற அம்மாள், "எலி மருந்துக்கு மனுக் குடுக்க வந்தீகளாய்யா? அது கடையிலேயே விக்கிதே" என்றாள். வரிசை சிரித்தது. நான் சரியாகத்தான் எழுதினேனா என்று பஸ்ஸில் மறுபடி படித்தேன். எழுத்துப்பிழை இரண்டு இருந்தது.

மனு மேல்நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது என்று ஒரு சீட்டு வந்தது. எங்கே அனுப்பினார்கள் என்று அதில் இல்லை.

சுபாஸ்ரீ ஞாயிறுதோறும் தூக்குவாளியில் குழம்பு கொண்டு வருகிறாள். வாங்கி, அவள் தலை மறைந்ததும் வாய்க்காலில் ஊற்றிவிடுகிறேன். அந்த வீட்டு உப்பு எனக்கு வேண்டாம். டப்பாக்களை நான் தொடவில்லை. அவள் வைத்தபடி இருக்கட்டும்.

முழங்காலுக்கு எண்ணெய் போடு.

அண்ணன்,
சுந்தர்ராஜ்


நாகர்கோவில்
9.4.2008

அன்பான அண்ணனுக்கு, சாராள். நலம்.

பிள்ளை சமைத்துக் கொண்டுவந்ததை வாய்க்காலில் ஊற்றினீர்கள் என்று படித்த பிறகு கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். அதனால்தான் இந்தத் தாமதம்.

டப்பாக்களைக் கழுவுங்கள் அண்ணே. வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

சாராள்


போடிநாயக்கனூர்
16.6.2008

அன்புத் தங்கைக்கு, அண்ணன் எழுதுவது. இங்கு மழை இறங்கிவிட்டது. மேலே மலையில் நல்ல பெய்ச்சல் என்று சொல்கிறார்கள். சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது. நீ நலம்தானே?

சுபாஸ்ரீக்குக் கல்யாணம் கூடியிருக்கிறது. பெரியகுளத்துக்காரர், முத்துராஜா என்று பெயர், அவருடைய மகன். கல்லூரியில் வேலை. ஜூன் முப்பதாம் தேதி இங்கே கோயிலில் விவாகம்.

நேற்றோடு மூன்று ஞாயிறும் கோயிலில் கல்யாண ஓலை வாசித்து முடித்தார்கள். ஒவ்வொரு ஞாயிறும் போதகர், இந்த விவாகத்துக்குத் தடை ஏதேனும் அறிந்தவர் இருந்தால் இப்போதே சொல்லலாம் என்று கேட்டார். நேற்று கேட்டபோது எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். குடையைக் கையில் பிடித்துக்கொண்டேன். முன் பெஞ்சில் சண்முகராஜ் புதுச் சட்டையோடு உட்கார்ந்திருந்தான். அவன் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். போதகர் மூச்சு விடும் நேரம்தான் காத்திருந்தார். பிறகு பாட்டு எண் சொல்லிவிட்டார். நான் எழுந்திருக்கவில்லை.

என் மனைவி அந்த வீட்டுக் கோபுரத்தால் போனாள். அவன் மகள் மணக்கோலத்தில் அதே வீட்டிலிருந்து இறங்கப்போகிறாள். ஊர் முழுக்கப் பத்திரிகை கொடுக்கிறான். எனக்கும் கொண்டுவந்தான். "சார் வந்து முன்னால நிக்கணும்" என்றான். கோபுரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்தச் சிரிப்பு அவனுக்கு மறந்தே போயிருக்கிறது. மறதி யாருக்கு வந்தது பார்.

நீ நர்ஸ் என்பதால் ஒன்று கேட்கிறேன். ஒரு பெண் அந்தக் கோபுரத்துக்கு நேர் கீழே மூன்று வருடம் தூங்கியிருக்கிறாள். அவளுக்கு மூளையில் கசிவு இருக்குமா? அவள் வயிற்றில் வரும் பிள்ளைக்கு? நிச்சயமாகத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, இருக்கலாம் என்று சொல்ல முடியுமா?

உடனே பதில் எழுது. வரும் திங்களுக்குள் கிடைத்தால் நல்லது.

அண்ணன்,
சுந்தர்ராஜ்


நாகர்கோவில்
20.6.2008

அண்ணனுக்கு,

உங்கள் கேள்விக்குப் பதில் எழுத மாட்டேன். கேட்டது நோயைப் பற்றி அல்ல.

அண்ணே, என்ன செய்யப் போகிறீர்கள்? எதுவானாலும் செய்யாதீர்கள். ஒரு வாரம் பொறுங்கள். நானே புறப்பட்டு வருகிறேன் என்று சொன்னால் மருமகள் விடமாட்டேன் என்கிறாள். உங்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று என்னிடம் இருக்கிறது. எழுதக்கூடாது என்று சத்தியம் செய்து கொடுத்தேன். யாருக்கு என்று கேட்காதீர்கள்.

சமையலறைக்குள் போங்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

சாராள்


போடிநாயக்கனூர்
14.7.2008

அன்புத் தங்கைக்கு, அண்ணன் எழுதுவது. நலம். இரண்டு வாரமாக நன்றாகத் தூங்குகிறேன்.

உன் கடிதம் வந்தது. வந்தபோது நேரம் கடந்துவிட்டது.

கல்யாணம் நின்றுவிட்டது. ஜூன் இருபத்தாறாம் தேதி மாப்பிள்ளை வீட்டார் இரண்டு காரில் வந்தார்கள். பெரியகுளத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் போயிருந்ததாம். முத்துராஜா அதைச் சண்முகராஜிடம் கொடுத்துவிட்டுத் தெருவில் நின்றே பேசினார். "எங்களுக்கு ஒரே பையன். நாளப்பின்ன புள்ளைக்கு ஒண்ணுன்னா யாருய்யா பதில் சொல்றது?" என்றார். சண்முகராஜின் மனைவி, "ஆத்தா, எம்புள்ளைக்கு ஒரு தலைவலி வந்திருக்குமா, வந்து பாருங்க, டாக்டர்ட்ட காட்டுங்க" என்று காரைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். கார் நிற்கவில்லை. நான் ஜன்னலை ஒரு விரல் அகலம் திறந்து வைத்துப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் சண்முகராஜ் என் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு காகிதம். நடையில் நின்றான். உட்கார் என்று நான் சொல்லவில்லை. என்னவோ சொன்னான். பிறகு அழுதான். ஏலக்காய் மணக்கிற அந்தப் பெரிய கையால் முகத்தை மூடிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி அழுதான். நான் கேட்டது நான் கேட்ட இடத்திலேயே நடந்தது. நான் சிரிக்கவில்லை. அவனைப் போல் நான் சிரிக்கமாட்டேன். ஆனால் அவன் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு, ஒரு டம்ளர் காப்பி போட்டு முழுவதும் குடித்தேன். ருசியாக இருந்தது. பல மாதமாக எதுவும் ருசித்ததில்லை.

அந்தக் கடிதத்தை யார் எழுதியது என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். ஏலக்காய் வியாபாரத்தில் அவனுக்குப் பகையாளிகள் அதிகம்.

கோபுரம் இன்னும் நிற்கிறது. நிற்கட்டும்.

அண்ணன்,
சுந்தர்ராஜ்


நாகர்கோவில்
21.7.2008

அண்ணனுக்கு, சாராள் எழுதுவது.

சண்முகராஜ் அந்த மொட்டைக் கடிதத்தை நகல் எடுத்து எனக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறான். முதலில் சுருக்கம். ஒன்றிலிருந்து ஐந்து வரை. பிறகு ஒவ்வொன்றுக்கும் விளக்கம். அடியில் அவன் தன் பேனாவால் இரண்டு வரி எழுதியிருக்கிறான்: "அக்கா, சார் கையெழுத்த மாத்திட்டாக. நம்பர் போடுறத மாத்தல. எட்டாப்புல எங்களுக்கு இப்படித்தான சொல்லிக் குடுத்தாக." உங்கள் நடையில் நின்று அவன் சொன்னதும் இதுவாகத்தான் இருக்கும். அவன் யாரிடமும் சொல்லவில்லை. உங்கள் மானத்தை அவன் காக்கிறான். இதைத் தெரிந்துகொண்டு காப்பி குடியுங்கள்.

இனி சத்தியத்தை உடைக்கிறேன். கேட்டுக்கொள்ளுங்கள்.

2004 ஈஸ்டருக்கு நான் அங்கே வந்திருந்தேன். மதினி என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். "சாராளு, எனக்கு என்னமோ ஆகுது. அடுப்புல எத வச்சேன்னு தெரியாமப் போகுது. ஒங்கண்ணன்ட்ட சொல்லிராத. சொன்னா ஒடனே ஒரு நோட்டுப் போட்டு என்னைய எழுத ஆரம்பிச்சிருவாக. நான் அவுக பொண்டாட்டியா இருந்துட்டுப் போறேன், அவுக பாடமா ஆக வேணாம்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் நர்ஸ். அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அது என் குற்றம்.

அவள் போன பிறகும் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். கோபம் ஒன்றுதான் உங்களை எழுந்து நடமாட வைக்கிறது என்று நினைத்தேன். அந்தக் கோபம் ஒரு பெண்பிள்ளையின் வாழ்க்கையில் போய் விழும் என்று நினைக்கவில்லை.

என் பேச்சை நம்ப வேண்டாம். உங்களுக்குச் சாட்சி வேண்டும். உப்பு டப்பாவில் அன்றே ஒட்டியிருந்த சீட்டைப் பிரித்து, அதன் பின்பக்கத்தைப் பாருங்கள்; எந்தத் தாளில் எழுதியது என்று மதினி சொல்லியிருக்கிறாள்.

சாராள்


நாகர்கோவில்
2.9.2008

அன்பான அண்ணனுக்கு,

ஆறு வாரமாகக் கடிதம் இல்லை. உடம்புக்கு என்ன? கோபமாக இருந்தாலும் ஒரு கார்டு போடுங்கள். நான் வேகமாக எழுதிவிட்டேன். எழுதியது சரி. வேகம்தான் தப்பு.

தங்கை,
சாராள்


போடிநாயக்கனூர்
28.9.2008

அன்புத் தங்கை சாராளுக்கு, அண்ணன் எழுதுவது. உயிரோடு இருக்கிறேன். சர்க்கரை இருநூற்று எண்பது. மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள்.

உன் ஜூலைக் கடிதத்தை மேசையில் வைத்து, மேலே அகராதியை வைத்துவிட்டேன். ஐந்து வாரம் சமையலறைக்குள் போகவில்லை. மெஸ்ஸில் சாப்பிட்டேன். பொய்யாக இருக்கும் என்பதால் போகவில்லை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். பொய் என்று நினைத்திருந்தால் மறுநாளே போயிருப்பேன்.

ஆகஸ்ட் இருபத்தெட்டாம் தேதி வெந்நீர் வைத்து, துணியை நனைத்து, சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். பதினொரு டப்பா. கிழிக்கிற நாள்காட்டித் தாளைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில் பெயர் எழுதி, சோற்றுப் பசையால் ஒட்டியிருந்தது. பின்பக்கத்தில் தேதி இருந்தது. மஞ்சள்தூள், 7 பிப்ரவரி. துவரம்பருப்பு, 8. இப்படியே போய், உப்பு, 17 பிப்ரவரி, செவ்வாய்க்கிழமை. ஒரு நாளும் விடாமல் பதினொன்று. எல்லாம் 2004. கோபுரம் வருவதற்கு ஒன்றரை வருடம் முன்பு. நான் அந்தச் சீட்டுகளைக் கண்டதாக நோட்டில் எழுதியது 2006 ஜனவரி. அதுவரை இரண்டு வருடம் அவை என் கண் முன்னால் இருந்திருக்கின்றன.

அப்போதும் நான் விடவில்லை. பழைய தாளைப் பத்திரப்படுத்தி, பிறகு எப்போதோ எழுதியிருக்கலாம் அல்லவா? கையெழுத்து சுகிர்தத்துடையது அல்ல. சுபாஸ்ரீயுடையது. அப்படியானால் அவளைத்தான் கேட்க வேண்டும். கேட்பதற்கு எனக்கு இன்னும் மூன்று வாரம் ஆயிற்று.

சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்து அவள் கிணற்றடியில் தனியாக நின்றாள். சீட்டுகளைக் காட்டினேன். அவள் உப்புச் சீட்டைத் திருப்பித் தேதியைப் பார்த்தாள்.

"நாந்தான் எழுதினேன். அப்ப செகண்ட் இயர் படிச்சேன். சார் பொறந்தநாளுக்குப் பெரியம்மா பாயாசம் வச்சாக. சீனிக்குப் பதிலா உப்பப் போட்டுட்டாக. நீங்க ஒண்ணுமே சொல்லாமக் குடிச்சிட்டுப் பேப்பர் படிச்சீகளாம். மிச்சத்த வாயில வச்சப்பத்தான் அவுகளுக்கே தெரிஞ்சிருக்கு. எங்க வீட்டுக்கு வந்து அழுதாக. ஏன்டி, உப்புப் பாயாசத்தக் குடிச்சிட்டு ஒரு மனுசன் பேசாம இருப்பாகளா, அவுகளுக்குத் தெரிஞ்சிருச்சோ, தெரியலையோன்னு. மறுநா நான் தாளு கிழிச்சு ஒட்டிக் குடுத்தேன்."

எனக்கு அந்தப் பாயாசம் நினைவில் இல்லை, சாராள். எவ்வளவு யோசித்தும் வரவில்லை. என் பிறந்த நாள் பிப்ரவரி பதினேழு.

ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள். "மன்னிப்பெல்லாம் எனக்கு வேணாம் சார். அத வாங்கி நான் எங்க வைக்க?"

பெரியகுளத்தாரிடம் நானே போய்ச் சொல்கிறேன், கல்யாணத்தை மறுபடி கூட்டலாம் என்றேன்.

"ஒரு காயிதத்துக்குப் பயந்து கார எடுத்துட்டு ஓடினவுகளோட நான் எப்படிக் குடும்பம் நடத்த? அது வேணாம். ஆனா எங்கப்பா கடையத் தொறக்காம மூணு மாசமாச்சு. வெளிய தல காட்ட மாட்டேங்குறாக. நீங்க எழுதுங்க. இந்தத் தடவ பேரு போட்டு எழுதுங்க."

இவ்வளவுதான் சொன்னாள். தூக்குவாளி கொண்டுவருவது நின்று வெகுநாள் ஆகிறது.

எழுதிவிட்டேன். மூன்று முறை கிழித்து நான்காம் முறை எழுதினேன். கையெழுத்துப் போடும் இடம் வந்ததும் பேனாவை வைத்துவிட்டு நடந்துவிட்டு வந்து போட்டேன். நகல் இத்துடன் இருக்கிறது. போதகரிடம் ஒன்று கொடுத்து, அடுத்த ஞாயிறு அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். ஒன்றைச் சண்முகராஜின் கதவடியில் தள்ளிவிட்டு வந்தேன். கதவைத் தட்டவில்லை. அந்தத் தைரியம் இன்னும் வரவில்லை.

ஒன்றை மட்டும் உன்னிடம் மறைக்கமாட்டேன். சண்முகராஜ் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. தீரவேண்டும் என்று விருப்பமும் இல்லை. ஆனால் அதில் பாதி யார் மேல் என்று இப்போது தெரிகிறது.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்,
சுந்தர்ராஜ்


(நகல்)

போடிநாயக்கனூர்
27.9.2008

பெரியகுளம் திரு. முத்துராஜா அவர்களுக்கு, போடிநாயக்கனூர் ஓய்வுபெற்ற ஆசிரியர் த. சுந்தர்ராஜ் எழுதுவது. தங்கள் இல்லத்தில் எல்லாரும் நலம் என்று நம்புகிறேன்.

சென்ற ஜூன் மாதம் தங்களுக்குப் பெயரில்லாமல் வந்த கடிதத்தை எழுதியவன் நான். அதில் ஐந்து குறிப்புகள் இருந்தன. அவற்றின் இன்றைய நிலை:

முதலாவது, சண்முகராஜ் வீட்டு மாடியில் 24.8.2005 அன்று கோபுரம் வைக்கப்பட்டது. இது உண்மை.

மூன்றாவது, நுண்ணலை பட்ட எலிகளின் மூளைத் தடுப்பில் கசிவு கண்டதாக ஓர் ஆய்வு சொல்கிறது. அப்படி எழுதியிருப்பது உண்மை. வேறு சிலர் செய்தபோது அது காணப்படவில்லை என்பதும் உண்மை. அந்த இரண்டாவது வாக்கியத்தைத் தங்கள் கடிதத்தில் நான் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். மனிதருக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது.

நான்காவது, இதைச் சொல்லப் போனபோது சண்முகராஜ் பத்துப் பேர் நடுவில் என்னைப் பார்த்துச் சிரித்தார். இதை நான் திரும்பப் பெறவில்லை.

ஐந்தாவது, அவர் மகள் சுபாஸ்ரீயின் மூளை கெட்டிருக்கும், அவளுக்குப் பிறக்கும் பிள்ளை சரியாக இராது என்று எழுதினேன். அதற்கு என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. எழுதும்போதே அது எனக்குத் தெரியும். ஆகவே அதைத் தவறு என்று சொல்லித் தப்பிக்கமாட்டேன். அது பொய். அந்தப் பெண்ணின் அறிவில் ஒரு குறையும் இல்லை. என் மனைவியின் நோயை இந்தத் தெருவில் முதலில் கண்டுகொண்டவள் அவள்.

தவறு என்று நான் ஒப்புக்கொள்வது இரண்டாவது குறிப்பை. என் மனைவி சுகிர்தத்துக்கு மறதி தொடங்கியது கோபுரம் வந்த பிறகு என்று எழுதியிருந்தேன். மனப்பூர்வமாக நம்பி எழுதினேன். அது தவறு. அதற்கு ஒன்றரை வருடம் முன்பே தொடங்கிவிட்டது. நான் பார்க்கத் தொடங்கிய நாளை, நோய் தொடங்கிய நாளாக எழுதிவிட்டேன்.

த. சுந்தர்ராஜ்